வாசகர் கேள்வி – பதில்: மம்போ, பழைய இலக்கணத்தில் புதிய பாட்டு

கியூபாவின் பெருங்குழு நடன இசையான மம்போவை வாசிக்கும் ஒர்கெஸ்டா அக்கோக்கான் என்ற இசைக்குழுவைப் பற்றிச் சென்ற இதழில் இப்பகுதியின் ஓர் ஓரத்தில் நான்கு வரிகள் எழுதியிருந்தேன். பின்னர் வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை அந்த நான்கு வரிகளைப் பற்றியே கேட்டமையால், இம்முறை பகுதி முழுவதையும் மம்போவுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சினிமாப் பாடல் பற்றிக் கேட்டிருந்த அன்பர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்தருள்க.

கேள்வி (வாசகர், கொக்குவில்): பழைய பாடல்களை அப்படியே வாசித்துக் காட்டும் கோஷ்டிகள் எங்கள் ஊரிலும் நிறைய இருக்கின்றன. நீங்கள் எழுதிய அந்தக் குழு அவற்றிலிருந்து எவ்வகையில் வேறுபடுகிறது?

பதில்: அவர்கள் பழைய பாடல்களை வாசிக்கவில்லை என்பதே முதல் வேறுபாடு. நியூயோர்க்கில் வாழும் கியூபப் பாடகர் ஹொசே ‘பெப்பித்தோ’ கோமெஸ், பியானோக் கலைஞரும் இசைக்கோப்பாளருமான மைக்கல் எக்ரொத், தயாரிப்பாளர் ஜேக்கப் பிளாஸ் ஆகிய மூவரும் புதிதாகப் பாடல்களை ஆக்கி, அவற்றை ஹவானாவுக்குக் கொண்டுசென்று, அங்குள்ள தேர்ந்த வாத்தியக் கலைஞர்களை ஒன்றுசேர்த்து, மூன்று நாளில் ஒலிப்பதிவு செய்து முடித்தார்கள். இராக்கெரே, லொஸ் வான் வான் முதலிய கியூபக் குழுக்களில் வாசித்துப் பழுத்தவர்களும் அந்தக் கலைஞர்களிடையே இருந்தார்கள். குழுவின் பெயரையே தலைப்பாகக் கொண்ட அந்த முதல் இசைத்தட்டை 2018ஆம் ஆண்டில் புரூக்ளினைச் சேர்ந்த டாப்டோன் நிறுவனம் வெளியிட்டது. கறுப்பின அமெரிக்கரின் சோல் இசைக்குப் பெயர்போன அந்நிறுவனம் அதற்கு முன்னர் ஸ்பானிய மொழியில் ஓர் இசைத்தட்டும் வெளியிட்டிருக்கவில்லை. கிராமி விருதுக்கும் அந்த இசைத்தட்டு பரிந்துரைக்கப்பட்டது. விருதை ஸ்பானிஷ் ஹார்லம் ஒர்கெஸ்ட்ரா என்னும் நியூயோர்க் குழு தட்டிக்கொண்டு போனது. இரண்டாவது இசைத்தட்டு 2021இல் வந்தது.

பாடல்கள் புதியன, அவற்றின் இலக்கணம் மட்டுமே பழையது என்று இதனைச் சுருக்கலாம். பழைய வெண்பாக்களை மனனஞ் செய்து ஒப்புவிப்பவருக்கும், தளை தட்டாமல் இன்று ஒரு புதிய வெண்பா எழுதுபவருக்கும் உள்ள தூரந்தான் நீங்கள் சொல்லும் கோஷ்டிகளுக்கும் இவர்களுக்கும் உள்ள தூரம். 1950களின் இசைத்தட்டுகளைச் சுரம் பிசகாமற் படியெடுத்து வாசிக்கும் குழுக்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளன, அவை திறமையானவைதாம். ஆயினும் அவற்றைக் கேட்டு முடித்ததும் மூலத்தைத் தேடிப்போகவே எனக்கு மனம் வருகிறது. இவர்களின் தட்டைக் கேட்டு முடித்தபோது அதையே மறுபடி போடத் தோன்றியது.

கேள்வி (வாசகி, நல்லூர்): மம்போவைத் தோற்றுவித்தவர் பெரெஸ் பிராடோ என்றே நான் படித்திருக்கிறேன். உங்கள் குறிப்பில் கச்சாவோ என்ற பெயர் இருந்ததே?

பதில்: இந்த வழக்கு கியூபாவிலேயே இன்னும் தீராதது. அதனால் கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன்.

1791இல் தொடங்கிய ஹெயிட்டிப் புரட்சிக்குத் தப்பி ஓடிய பிரெஞ்சுக் குடியேறிகளும் அவர்களோடு வந்த கறுப்பின மக்களும் கியூபாவின் கிழக்குக் கரையில் இறங்கியபோது, ஐரோப்பிய மண்டப நடனங்களும் அவர்களோடு வந்து சேர்ந்தன. ஆபிரிக்க அடிமைகளின் வழித்தோன்றல்கள் அந்த நடனங்களைத் தமது தாளத்துக்கு வளைத்துக்கொண்டார்கள். அவ்வாறு முதிர்ந்த வடிவங்களுள் ஒன்று தன்சோன். மத்தான்சாஸ் நகரில் மிகுவேல் ஃபைல்தே 1879இல் அரங்கேற்றிய ஆக்கமே அதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. அதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகளின் பின்னர், 1938இல், அர்க்கான்யோ என்ற புல்லாங்குழற் கலைஞரின் குழுவுக்காக ஒரெஸ்தெஸ் லோப்பெஸ் ‘மம்போ’ என்ற தலைப்பில் ஒரு தன்சோனை எழுதினார். அக்குழுவில் கொன்ட்ராபாஸ் (‘பாஸ்’ எனச் சுருக்கி அழைக்கப்படும், தாழ்ந்த தொனியுள்ள பெரிய தந்திவாத்தியம்) வாசித்தவர் அவருடைய தம்பி இஸ்ரயேல். ‘கச்சாவோ’ என்று உலகம் அழைப்பது அவரையே. தன்சோனின் இறுதிப் பகுதியைத் திறந்துவிட்டு, ஒரே சிறு சொற்கட்டைத் திரும்பத் திரும்ப வாசித்து, அதன்மேல் குழலை விருப்பம்போல் உலவவிடுவதே சகோதரர் இருவரும் செய்த புதுமை. அங்கு வயலினும் குழலுமே இருந்தன. நாம் இன்று மம்போ என்றவுடன் நினைக்கும் ட்ரம்பெட் வரிசை அங்கே இல்லை.

ட்ரம்பெட்டுகளைக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் முதன்மையானவர் அர்செனியோ ரொட்ரிகெஸ். சிறுவயதிலேயே பார்வையிழந்த இவர் ‘ட்ரெஸ்’ என்னும் கியூபக் கிற்றார் வாசிப்பதில் மன்னர். 1940களில் தமது குழுவில் பியானோவையும் கொங்கா மேளத்தையும் இரண்டு மூன்று ட்ரம்பெட்டுகளையும் சேர்த்து, பாட்டின் முடிவில் ஒன்றின்மேல் ஒன்றாக அவற்றை அடுக்கி ஏற்றினார். மம்போ தம்முடையதே என்று அவரும் உரிமை கோரியதுண்டு. அதே காலத்தில் நியூயோர்க்கில், கப் கலோவே போன்றவர்களின் ஜாஸ் குழுக்களில் ட்ரம்பெட் வாசித்துத் தேர்ந்த மாரியோ பவுசா, 1940இல் தொடங்கிய மச்சித்தோ குழுவின் இசை இயக்குநரானார். ஜாஸ் குழுவின் முழு ஊதுவாத்திய வரிசையும் கியூபாவின் மேளங்களும் அங்கே ஒரே மேடையில் ஏறின.

இத்தனைக்கும் பிறகுதான் பெரெஸ் பிராடோ வருகிறார். அவரும் 1916இல் மத்தான்சாஸில் பிறந்தவரே. ஹவானாவில் கசினோ டி லா பிளாயா குழுவுக்குப் பியானோ வாசித்து, பின்னர் மெக்சிக்கோவுக்குப் போய், 1949ஆம் ஆண்டின் இறுதியில் ஆர்.சி.ஏ. விக்டர் நிறுவனத்துக்காக அவர் பதிவுசெய்த ‘கே ரீக்கோ எல் மம்போ’, ‘மம்போ எண் 5’ ஆகிய இரண்டும் உலகத்தைச் சுற்றி வந்தன. அவருடைய தனித்தன்மை சேர்ப்பதில் அன்று, கழிப்பதில் இருக்கிறது. சக்ஸபோன்கள் தாழ்ந்த தொனியில் ஒரு சொற்கட்டைப் பிடித்துக்கொள்ளும், ட்ரம்பெட்டுகள் உச்சத்தில் நின்று வெட்டும், இடையில் உள்ள வெளியில் ஒன்றும் இராது. அந்த வெற்றிடத்தில் அவருடைய புகழ்பெற்ற உறுமல் மட்டும் கேட்கும்.

எனது தீர்ப்பைக் கேட்டால், வித்தை லோப்பெஸ் சகோதரர்களுடையது, உடல் அர்செனியோவுடையது, சந்தை பிராடோவுடையது என்பேன். சந்தை என்றதை இழிவாகக் கொள்ளவேண்டாம். அவரில்லாவிட்டால் நல்லூரிலிருந்து நீங்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

இன்னொரு பெயரையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. மெக்சிக்கோவில் பிராடோவுடன் பாடிய பெனி மொரே, கியூபாவுக்குத் திரும்பி 1953இல் ‘பண்டா ஹிகாந்தே’ என்ற பெருங்குழுவை அமைத்தார். இவர் சுரக்குறிப்பு வாசிக்கத் தெரியாதவர். ட்ரம்பெட்டுக்கு இது, சக்ஸபோனுக்கு இது என்று வாயாற் பாடிக் காட்ட, இசைக்கோப்பாளர் எழுதிக்கொள்வார். பாடகரைச் சுற்றியே முழுக் குழுவும் இயங்கிய அந்த மரபுக்குத்தான் அக்கோக்கான் குழு நெருங்கிய உறவு. பிராடோவுக்கு அது தூரத்துச் சொந்தமே.

கேள்வி (வாசகர், சாவகச்சேரி): 1999ஆம் ஆண்டளவில் எல்லா வானொலியிலும் ஒலித்த ‘மம்போ எண் 5’ இதுதானா?

பதில்: அடிக்கட்டு இதுதான். ஜெர்மனியைச் சேர்ந்த லூ பேகா, பிராடோவின் 1949ஆம் ஆண்டு ஒலிப்பதிவிலிருந்து ஊதுவாத்தியச் சொற்கட்டை எடுத்து, அதன்மேல் தமது வரிகளைப் பாடினார். மூலத்தில் பெண்களின் பெயர்ப்பட்டியல் கிடையாது.

கேள்வி (தவில் பயிலும் மாணவர், இணுவில்): இவர்களின் இசையிலும் தாளச் சுழற்சி உண்டா? எத்தனை தரம் கேட்டாலும் எனக்குச் சமம் எங்கே விழுகிறது என்று பிடிபடவில்லை.

பதில்: தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்து வாசித்த ஊரிலிருந்து இக்கேள்வி வந்ததில் வியப்பில்லை. சமம், அதாவது தாளச் சுற்றின் முதலடி, பிடிபடாததற்குக் காரணம் உங்கள் காதன்று. அதனை ஒளித்து வைப்பதே அவர்களின் தொழில்.

முதலில் ‘கிளாவே’ என்னும், பாட்டு முழுவதையும் தாங்கி நிற்கும் அடிக்கட்டு. ஆதி தாளத்தைக் கையிற் போட்டுக்கொள்ளுங்கள். எட்டு எண்ணிக்கைகளையும் இவ்விரண்டாகப் பிளந்தாற் பதினாறு. அப்பதினாறில் 1, 4, 7, 11, 13 ஆகிய ஐந்து இடங்களில் மட்டும் அடி விழும். கைக்கணக்கில் சொல்வதானால், முதலடி லகுவின் தட்டில், இரண்டாவது சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் நடுவில், மூன்றாவது நடுவிரலில், நான்காவது முதற் துருதத்தின் வீச்சில், ஐந்தாவது இரண்டாம் துருதத்தின் தட்டில். இடைவெளிகள் 3, 3, 4, 2, 4 என்று வரும். முதற் பாதியில் மூன்றடி, மறுபாதியில் இரண்டடி. இரண்டடிப் பாதியை முன்னே வைத்துத் தொடங்கும் பாடல்களும் உண்டு. ஆனால் எந்தப் பாதியில் தொடங்கினாலும், ஒருமுறை தொடங்கிய பின்னர் பல்லவி, கோரஸ், ட்ரம்பெட் சொற்கட்டு எல்லாமே அதனோடு இசைந்து நடக்கவேண்டும். பிசகினால், கிளாவே குறுக்கே போய்விட்டது என்று குழுவினர் முகஞ் சுழிப்பார்கள். பெரும்பாலான மம்போக்களில் கிளாவேக் கட்டையை எவரும் வெளிப்படையாகத் தட்டுவதுகூட இல்லை. எல்லாருடைய உள்ளத்திலும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

அடுத்தது பாஸ். மேலைநாட்டு நடன இசையில் பாஸ் முதலெண்ணிக்கையில் ஊன்றி நிற்கும் என்று எதிர்பார்க்கிறோம். இங்கோ அது நான்கெண்ணிக்கைக்குள் இரண்டரையாம் இடத்திலும் நான்காம் இடத்திலும் விழுந்து, அடுத்த முதலெண்ணிக்கையை மௌனமாகக் கடந்துபோகிறது. நான்கில் வாசித்த சுரமே அடுத்த சுற்றின் சுரச்சேர்க்கையை முன்கூட்டி அறிவித்துவிடுகிறது. அரையிடத்தில் எடுப்பு (பாட்டுத் தொடங்கும் இடம்) வைத்த பாட்டுக்கு வாசித்த அனுபவம் உங்களுக்கு இருக்கும். அந்த எடுப்பு பாட்டு முழுவதும், ஒவ்வொரு சுற்றிலும், பாஸின் விரலில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். பின்னர் கொங்காவைக் கேளுங்கள்: இரண்டாம் எண்ணிக்கையில் ஓர் அறை, நான்கிலும் நான்கரையிலும் திறந்த இரு தொனிகள். இந்த இரண்டையும் பற்றிக்கொண்டால் சமம் தானாக அகப்படும்.

நமது முறையோடு பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. தவிலின் தனியில் கணக்கு நீளவாக்கில் வளர்கிறது. கோர்வை பல ஆவர்த்தனங்களைத் தாண்டிப்போய்ச் சமத்தில் அல்லது எடுப்பில் வந்து இறங்கும்போதுதான் சபை ‘ஆகா’ என்கிறது. மம்போவில் கணக்கு உயரவாக்கில் அடுக்கப்படுகிறது. கொங்காக்காரர் பாட்டு முடியும்வரை அநேகமாக ஒரே சொல்லையே வாசிப்பார், மணி வேறொரு சொல்லை, பியானோ இன்னொன்றை, சக்ஸபோன் வரிசை பிறிதொன்றை. தனியே கேட்டால் எல்லாம் எளியவை. சக்ஸபோன்கள் இரண்டு தடவை சொல்லி நிலைத்த பின் ட்ரம்பெட்டுகள் அதன் இடைவெளிகளுக்குள் குத்தத் தொடங்கி, அதற்கும் மேலே ட்ரொம்போன் ஏறும் அந்த இடத்தில்தான் நடனக்காரர்கள் கூச்சலிடுவார்கள். அக்கோக்கானின் முதற்றட்டில் முதலில் வரும் ‘மம்போ ரப்பிதித்தோ’வைப் போட்டு, முதற்தடவை கொங்காவை மட்டும், மறுதடவை பாஸை மட்டும் பின்தொடருங்கள். அந்தச் சில நிமிடக் கச்சேரிக்குள் எத்தனை பேர் ஒருவருக்கொருவர் வழிவிட்டு நடக்கிறார்கள் என்பது தெரியவரும்.

கேள்வி (வாசகர், பருத்தித்துறை): எங்கள் பைலாவுக்கும் மம்போவுக்கும் உறவு உண்டா?

பதில்: நேரடி உறவு இல்லை. ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சியும் ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் சந்தித்த இடத்தில் இரண்டும் பிறந்தன என்ற அளவில் ஒற்றுமை உண்டு. அங்கே ஸ்பெயின், இங்கே போர்த்துக்கல். பைலாவின் நடை ஆறில் ஓடுவது, மம்போவின் நடை நான்கில் நிற்பது. இரண்டையும் கலக்கலாமா என்று கடிதத்தின் அடியிற் கேட்டிருக்கிறீர்கள். கலக்கும் முன்னர் இரண்டையும் தனித்தனியே நன்றாக வாசிக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஒலிப்பதிவுக்கூட உரிமையாளர், திருநெல்வேலி): இன்று எந்த வாத்தியத்தின் ஒலியையும் கணினியிலேயே பெறலாம். அப்படியிருக்க, பதினைந்துக்கு மேற்பட்டவர்களை ஓர் அறையில் இருத்திப் பதிவுசெய்வது வீண்செலவு அல்லவா?

பதில்: செலவுதான், வீணா என்று பார்ப்போம். அவர்கள் சென்ற கூடம் ஹவானாவின் அரேய்த்தோ. கியூபாவின் முதற்பெரும் உள்நாட்டு இசைத்தட்டு நிறுவனமான பனார்ட்டுக்கு முன்னர் சொந்தமாயிருந்த அக்கூடம், 1959ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பிறகு அரசுடைமையாகி, 1964இல் தொடங்கப்பட்ட எக்ரெம் நிறுவனத்தின் கைக்கு வந்தது. உலகமெங்கும் விற்ற ‘புவெனா விஸ்தா சோஷல் கிளப்’ தட்டு 1996இல் பதிவானதும் அங்கேதான். அதே நாட்களில், அதே இடத்தில், ஹுவான் டி மார்க்கொஸ் கொன்சாலெஸ் ‘அஃப்ரோ கியூபன் ஓல் ஸ்டார்ஸ்’ என்ற பெயரில் 1950களின் பெருங்குழு ஒலியை மீட்டெடுத்து இன்னொரு தட்டையும் பதிவுசெய்தார். பலரும் அதனைக் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள். மம்போ விரும்பிகளுக்கு அதுவே அதிக விருந்து.

இப்போது உங்கள் தொழிலுக்கு வருகிறேன். எல்லாரும் ஒரே கூடத்தில் இருந்து வாசிக்கும்போது கொங்காவுக்கு வைத்த ஒலிவாங்கிக்குள் ட்ரம்பெட்டும் விழும், பியானோவுக்கு வைத்ததற்குள் சக்ஸபோன் விழும். தனித்தனித் தடமாகப் பதிபவருக்கு இது கசிவு. ஒருவர் பிழைவிட்டால் அவரை மட்டும் வெட்டி மாற்ற இயலாது. ஆனால் ஒரே ஒலி பல தூரங்களிலிருந்து பல ஒலிவாங்கிகளுக்குள் சென்று கலப்பதனால்தான் கூடத்தின் அகலமும் உயரமும் கேட்பவருக்குத் தெரிகின்றன. இன்னும் முக்கியமானது வேகம். உச்சக்கட்டத்தில் குழு முழுவதும் மயிரிழையளவு முன்னே தள்ளும், பாடகர் நுழையும்போது அதே அளவு தளரும். காதுக்குள் கடிகாரத் துடிப்பை மாட்டிக்கொண்டு வேறுவேறு நாட்களில் வாசிப்பவர்கள் சேர்ந்து தள்ள முடியாது.

எங்களூர்க் கலியாண வீடுகளில் ஒரே ஓகன்காரர் வயலினையும் ட்ரம்பெட்டையும் மேளத்தையும் இரண்டு கைகளாற் சமாளிப்பதை நான் குறைகூறவில்லை. வீட்டுக்காரர் கொடுக்கும் பணத்துக்கு அதுதான் கட்டும். மம்போவின் பெருங்குழுக்களைச் சாய்த்ததும் ஒருபகுதி இந்தப் பணக்கணக்கே. நியூயோர்க்கில் மச்சித்தோ, டிட்டோ புவெந்தே, டிட்டோ ரொட்ரிகெஸ் மூவரும் மாறிமாறி வாசித்த பலேடியம் நடனமண்டபம் 1966இல் மூடப்பட்டது. புரட்சிக்குப் பின்னர் அமெரிக்காவுக்கும் கியூபாவுக்கும் இடையே போக்குவரத்து அறுந்தது. 1950களிலேயே என்ரிக்கே ஹொரினின் சாச்சாச்சா, கால்களுக்கு எளிதாயிருந்தமையால், மம்போவின் ஆட்களை இழுக்கத் தொடங்கியிருந்தது. அதன்பின் றொக் இசை வந்தது. பெனி மொரேயும் 1963இல், நாற்பத்துமூன்று வயதிலேயே, காலமானார்.

கேள்வி (வாசகி, மானிப்பாய்): இத்தகைய மீட்டெடுப்பில் உங்களுக்குக் குறையே தென்படவில்லையா?

பதில்: தென்படுகிறது. தட்டின் அட்டை தொடக்கம் ஒலியின் நிறம்வரை எல்லாவற்றையும் பழையதுபோல் அமைக்கும்போது, 1958ஆம் ஆண்டோடு கியூபா நின்றுவிட்டது என்ற எண்ணம் வெளிநாட்டவருக்கு உண்டாகிவிடுகிறது. அங்கே லொஸ் வான் வான் 1969இலும் இராக்கெரே 1973இலும் தொடங்கி, பின்னர் ‘திம்பா’ என்னும் புதிய நடன இசையாக முறுகி, இசை ஒருநாளும் உறங்காமல் வந்திருக்கிறது. ஹவானாவின் இளைஞர்கள் இன்று ஆடுவது பெரும்பாலும் றாப் கலந்த நடன இசையான ரெகெத்தோனுக்கு. அக்கோக்கானின் கலைஞர்களே அந்தப் பிந்திய இசையிற் கைதேர்ந்தவர்கள் என்பதும், அந்தக் கூர்மை அவர்களின் மம்போவுக்குள்ளும் எட்டிப்பார்க்கிறது என்பதுமே எனக்கு ஆறுதல். பழையதை மட்டுமே தெரிந்தவர்கள் வாசித்திருந்தால் இந்தத் தட்டு இவ்வளவு துள்ளியிராது.

கேள்வி (பாடசாலை பாண்ட் பயிற்றுநர், யாழ்ப்பாணம்): எங்களிடம் ட்ரம்பெட் நான்கு, ட்ரொம்போன் இரண்டு, கிளாரினட் சில, பக்க மேளம், பெரிய மேளம் ஆகியன உள்ளன. பரிசளிப்பு விழாவுக்கு ஒரு மம்போ வாசிக்க இயலுமா?

பதில்: தாராளமாக. சக்ஸபோன் இல்லாத குறையைக் கிளாரினட்டுகளின் தாழ்ந்த தொனி ஓரளவு நிரப்பும். கொங்கா இரவல் கிடைத்தால் நல்லது. கிளாவேக் கட்டைக்குத் தச்சரிடம் சொல்லி, கருங்காலியிலோ பாலையிலோ ஒரு சாண் நீளத்தில், பெருவிரல் தடிப்பில் இரண்டு உருளைகள் கடைந்துகொள்ளுங்கள்; ஒன்றை இறுக்கிப் பிடிக்காமல், குழித்த உள்ளங்கைமேல் கிடத்தி, மற்றதால் தட்டவேண்டும், அப்போதுதான் ஒலி கணீரென்று வரும். (ஹவானாவின் கப்பற்றளங்களிற் பலகைகளைப் பொருத்திய மர ஆணிகளே முதற் கிளாவேக்கள் என்று அங்கே சொல்வார்கள், கப்பல் கட்டிப் பெயர்பெற்ற வல்வெட்டித்துறையின் பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் இதைக் கேட்டு மகிழ்வார்கள்.) பக்க மேளத்தின் அடியிலுள்ள கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள், கியூபாவின் ‘திம்பால்’ என்னும் மேளத்தில் கம்பி கிடையாது. தோலில் மட்டும் அடிக்காமல் மேளத்தின் பக்கவாட்டு உலோகத்திலும் குச்சியால் வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் ஒத்திகைகளில் ஊதுவாத்தியங்களைப் பெட்டியிலேயே வையுங்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் நான்கெண்ணிக்கைக்கு நடக்க, மறுபாதியினர் மேலே சொன்ன கிளாவேயைக் கைதட்டட்டும், பின்னர் மாற்றுங்கள். நடப்பவர் தட்டுபவரைப் பார்த்துத் தடுமாறாத நிலை வந்தபின், கிளாரினட்டுக்கு இரண்டு சுற்று நீளமான ஒரு சிறு சொற்கட்டைக் கொடுத்து அது நிலைக்கும்வரை ஓடவிடுங்கள். ட்ரம்பெட்டுக்காரர் இடைவெளியில் மட்டும், குறுக வெட்டி, ஊதவேண்டும். நீட்டி ஊதினால் அடுக்கு முழுவதும் அமுங்கிவிடும்.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான தொல்லை பெரிய மேளம். அணிநடைக்குப் பழகிய பிள்ளை இடக்கால் நிலத்தில் படும் ஒவ்வொரு முறையும் அடிக்கப் பார்ப்பார். மம்போவில் அவர் பாஸின் வேலையைச் செய்யவேண்டும்: இரண்டரையில் ஓரடி, நான்கில் ஓரடி, ஒன்றில் கை ஓங்கக்கூடாது. தொடக்கத்தில் ‘ஒன்று’ என்று வாயாற் சொல்லிக் கையை இடுப்பில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பாருங்கள். குழுவிலேயே தாளம் மிக உறுதியாயிருக்கும் பிள்ளையை அந்த இடத்துக்குத் தெரிவுசெய்யுங்கள், மிக வலிமையான பிள்ளையை அல்ல.